எண் நாதமாகும் இடம்

கணினியின் வட்டில் நூறு கச்சேரிகள் பதிந்து கிடக்கலாம். ஆயினும் அவ்வட்டினுள் ஒலி என்று சொல்லத்தக்க வஸ்து அணுவளவும் கிடையாது. பாடகரின் குரல் ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வை அசைக்க, அவ்வசைவு மின்னழுத்தமாக மாற, அந்த மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளிகளில் ஓயாமல் அளந்து, கண்ட அளவுகளை வரிசையாக எழுதிவைத்த நீண்டதோர் எண் பட்டியலே அங்கு உள்ளது. குறுந்தட்டின் முறைப்படி விநாடி ஒன்றுக்கு 44,100 அளவுகள். ஒவ்வோர் அளவும் 16 பிட் நீளமுள்ள எண், அதாவது 65,536 படிகளில் ஏதேனும் ஒன்று. இடம், வலம் என்று தடங்கள் இரண்டு. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. இந்த எண்களை மீண்டும் மின்னழுத்தமாக்கி ஆம்ப்ளிபையருக்குக் கொடுக்கும் சாதனத்தை எண்-அலை மாற்றி என்கிறோம். இசைப் பிரியர்கள் அதனை டி.ஏ.சி. என்று சுருக்கமாக வழங்குவர். அநேகமாக எந்தக் கணினியிலும் இத்தகைய மாற்றி ஒன்று உள்ளேயே பொருத்தப்பட்டிருக்க, பலர் அதை ஒதுக்கிவிட்டு வெளியே தனிப்பெட்டியாக மற்றொன்றை வாங்கி வைப்பது ஏன், அப்பெட்டிக்கு எண்களைப் பழுதின்றிக் கொண்டு சேர்ப்பது எங்ஙனம் என்பவையே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

அளவுகளைக் கொண்டே ஒலியை மீட்கலாம் என்ற எண்ணம், இன்று நாம் அறிந்த கணினிகளுக்கு மூத்தது. பாரிஸில் பணியாற்றிவந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தொலைபேசிக் குரலை எண்களாக்கி அனுப்பும் முறைக்கு 1938-இல் காப்புரிமை கோரினார். அக்காலத்து வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அதைச் சிக்கனமாகச் செய்ய வகையில்லாமையால், வர்த்தக உபயோகத்துக்கு அது வர நெடுங்காலம் பிடித்தது. பின்னர் 1949-இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரை, ஓர் ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளவெடுத்தால், அளவுகளுக்கு இடைப்பட்ட வளைவு முழுவதையும் சிறிதும் குறையாமல் மீட்கலாம் என்பதைத் தெளிவாக நிலைநாட்டியது. மனிதச் செவி சுமார் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. ஆகவே 40,000-க்குச் சற்று மேற்பட்ட வேகம் போதும். அது 44,100 என்று அமைந்ததற்குக் காரணம் செவியிலன்றி வீடியோ நாடாவில் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் இவ்வளவு எண்களைப் பதிவு செய்ய வீடியோ நாடாவே வசதியான சாதனமாக இருந்தது. படத்தின் வரி ஒன்றுக்கு 3 அளவுகள், அரைப்படமாகிய புலம் ஒன்றுக்கு உபயோகமாகும் வரிகள் 245, விநாடிக்குப் புலங்கள் 60 என்ற கணக்கிலும், ஐரோப்பிய முறைப்படி 3, 294, 50 என்ற கணக்கிலும் பெருக்கினால் இரண்டிலும் ஒரே விடையாக 44,100 வருகிறது. பிலிப்ஸ், சோனி என்ற இரு நிறுவனங்களும் 1980-இல் குறுந்தட்டின் இலக்கணத்தை வகுத்தபோது இந்த எண்ணையே ஏற்றுக்கொண்டன.

மாற்றியின் கடமை இரண்டே. எண்ணின் மதிப்பு எதுவோ, மின்னழுத்தத்தின் உயரமும் அதுவாக இருக்க வேண்டும்; எந்தக் கணத்தில் அளவெடுக்கப்பட்டதோ, அதே ஒழுங்கான இடைவெளியில் அது வெளிப்பட வேண்டும். உயரத்தில் நேரும் பிழையும் காலத்தில் நேரும் பிழையும் செவிக்குச் சேரும்போது ஒரே தன்மையுடைய திரிபாகவே முடிகின்றன. கணினியிலிருந்து வெளிமாற்றி வரையுள்ள வழி நெடுகிலும் நாம் கவனிக்கத்தக்கவை யாவும் இவ்விரண்டில் ஒன்றினுள் அடங்கிவிடும்.

பெட்டிக்குள் எழும் இரைச்சல்

குறுந்தட்டு வாசிப்பான் தரும் முழு வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். அலையின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையிலுள்ள தூரமாகக் கணக்கிட்டால் சுமார் 5.66 வோல்ட். இதனை 65,536 படிகளாகப் பங்கிட, ஒரு படியின் உயரம் ஏறக்குறைய 86 மைக்ரோவோல்ட் என்று கிடைக்கிறது. வோல்ட் ஒன்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாத இந்தச் சிறு படியைச் செப்பமாகக் கட்ட வேண்டிய இடமோ, மைய நுண்செயலி கணத்துக்குக் கணம் பல ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்றியும் இறக்கியும் உறிஞ்சிக்கொண்டிருக்க, மின்னழுத்தச் சீராக்கிகள் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடிக்கொண்டிருக்கும் மதர்போர்டு. ஹெட்போனைக் கணினியின் முகப்பிலுள்ள துளையில் செருகிவிட்டு, பாட்டு ஏதும் ஓடாதபோது மவுஸை அசைத்துப் பாருங்கள். சில கணினிகளில் அந்த அசைவுக்கு ஏற்றபடி மெல்லிய கீச்சொலி ஒன்று எழுந்து அடங்குவதைக் கேட்கலாம். தரை இணைப்பாகப் பயன்படும் செம்புத் தகட்டை எல்லாச் சுற்றுகளும் பகிர்ந்துகொள்வதால், எண்கணிதத்தின் ஆரவாரம் இசையின் எல்லைக்குள் புகுந்ததன் அடையாளம் அது. மாற்றியைத் தனிப்பெட்டியில், தனக்கே உரிய மின்வழங்கியோடு வைப்பதால் கிடைக்கும் முதல் நன்மை இந்த ஆரவாரத்திலிருந்து விலகியிருத்தலாகும்.

இங்கே நியாயம் தவறலாகாது. அண்மைக்கால மதர்போர்டுகள் சிலவற்றில் ஒலிச் சுற்றைத் தனியே பிரித்து, அதைச் சூழ இடைவெளி விட்டு, தக்க கவனத்தோடு அமைத்திருக்கிறார்கள். அத்தகைய கணினியில் மேற்சொன்ன கீச்சொலி கேட்பதில்லை. எனவே வெளிமாற்றி வாங்க எண்ணுபவர் முதலில் தம் கணினியின் மௌனத்தைக் கேட்டுப் பார்ப்பது உசிதம்.

மேலும், வெளியே வைத்த மாத்திரத்தில் இரைச்சலிலிருந்து பூரண விடுதலை கிடைத்துவிடும் என்று நம்புவதற்கும் இல்லை. யூ.எஸ்.பி. கம்பியில் தரவுக்குரிய இரண்டு இழைகளோடு 5 வோல்ட் மின்வழங்கும் இழையும் தரை இழையும் கூடவே செல்கின்றன; கணினியின் அசுத்தம் அவற்றின் வழியாகப் பெட்டியை வந்தடையக்கூடும். மடிக்கணினியின் சார்ஜர் ஒரு சுவர்த்துளையிலும் ஆம்ப்ளிபையர் வேறொரு சுவர்த்துளையிலும் இருக்கும்போது, தரைக்கம்பிகள் இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. சார்ஜரைப் பிடுங்கியவுடன் ரீங்காரம் நின்றுவிடுமாயின், கோளாறு மாற்றியில் இல்லை, வளையத்தில்தான் இருக்கிறது என்பது உறுதி. அப்போது இரண்டையும் ஒரே பலகையிலுள்ள துளைகளில் செருகினாலே பெரும்பாலும் குணமாகும்.

காலத்தைக் காப்பவர் யார்?

கணினியிலிருந்து மாற்றிக்கு எண்கள் செல்லும் மார்க்கங்கள் முக்கியமாக இரண்டு. முதலாவது, சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்தமையால் அவற்றின் பெயராலேயே வழங்கும் எஸ்.பி.டி.ஐ.எப். என்ற முறை. இதில் எண்ணும் காலத்துடிப்பும் ஒரே அலையில் பின்னிக் கலந்து வருகின்றன. செம்புக் கம்பியிலும் இது செல்லும். தோஷிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்திய டாஸ்லிங்க் என்னும் ஒளியிழையிலும் செல்லும். ஒளியிழையில் மின்தொடர்பே இல்லாததால், முன்சொன்ன ரீங்கார வளையம் அங்கே உண்டாக வழியில்லை. ஆனால் எம்மார்க்கமாக வந்தாலும், மாற்றியானது வருகின்ற அலையிலிருந்து காலத்துடிப்பைத் தானே பிரித்தெடுத்துத் தன் துடிப்பை அதற்கு இசைவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அனுப்புபவனின் கடிகாரம் தடுமாறினால் வாங்குபவனின் கடிகாரமும் அத்தடுமாற்றத்தில் ஓரளவு பங்குகொள்ளும்.

இரண்டாவது மார்க்கம் யூ.எஸ்.பி. அச்சுப்பொறிக்கு ஒரு கோப்பை அனுப்பும்போது, வழியில் ஒரு பிட் கெட்டாலும் கணினி அதை மறுபடி அனுப்பும். இசைக்கு வாய்த்த முறை அதுவன்று. காலம் தவறி வந்த ஸ்வரம் வராத ஸ்வரத்துக்குச் சமம் ஆகையால், ஒவ்வொரு மில்லி விநாடியிலும் இவ்வளவு இடம் இசைக்கு என்று முன்னதாகவே ஒதுக்கி, கெட்டதை மறுபடி அனுப்பாமல், நேரம் தவறாமையையே பிரதானமாகக் கொண்டு எண்களைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறார்கள். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. விநாடிக்கு 44,100 என்றால் மில்லி விநாடிக்கு 44.1, அளவு ஒன்றில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வெட்டி அனுப்ப முடியாது. ஆகவே கணினி ஒன்பது பொட்டலங்களில் 44, 44 என்று அனுப்பிப் பத்தாவதில் 45 அனுப்புகிறது. பத்து மில்லி விநாடியில் 441 என்று கணக்கு நேராகிவிடுகிறது. வருகிற பொட்டலங்களின் அளவைப் பார்த்துத் தன் கடிகாரத்தை ஏற்றியும் இறக்கியும் சரிசெய்துகொண்டே போவது பழைய மாற்றிகளின் வழக்கம். 44, 45 என்று ஏறியிறங்கும் அந்த நொண்டி நடையிலிருந்து சமமான துடிப்பை உண்டாக்குவது எளிய காரியமன்று என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக அமைந்தது ஒத்திசையா முறை. கச்சேரியில் பாடுபவர் தொடையில் தாளம் போட, மிருதங்கக்காரரும் வயலின்காரரும் அந்த ஒரு கையையே பார்த்து வாசிப்பது போல, இம்முறையில் காலப்பிரமாணம் முழுவதும் மாற்றியின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. மாற்றியின் உள்ளே, எண் மின்னழுத்தமாகும் இடத்துக்கு அருகிலேயே, குவார்ட்ஸ் படிகத்தால் ஆன கடிகாரம் ஒன்று இருக்கிறது. சிறிது எண்களை முன்னதாகவே தேக்கி வைத்துக்கொண்டு, தேக்கம் குறைந்தால் சற்று விரைவாக அனுப்பு என்றும் நிறைந்தால் சற்று மெதுவாக அனுப்பு என்றும் மாற்றி கணினிக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கிறது. கணினியின் கடிகாரம் எத்தகையதாயினும் இசையின் காலத்தில் அதற்கு இனி அதிகாரமில்லை. 44,100-ன் மடங்குகளுக்கு ஒன்றும் 48,000-ன் மடங்குகளுக்கு ஒன்றுமாக இரண்டு படிகங்கள் இருப்பது நல்ல மாற்றிகளில் சகஜம். ஏனெனில் ஒரே துடிப்பை முழு எண்ணால் வகுத்து இவ்விரு வேகங்களையும் பெறுதல் எளிதன்று.

காலத்தில் எவ்வளவு துல்லியம் வேண்டும்? 20,000 ஹெர்ட்ஸ் ஒலி முழு வீச்சில் ஒலிக்கும்போது, காலப்பிழையால் நேரும் திரிபு 16 பிட்டின் அரைப்படியைத் தாண்டாதிருக்க வேண்டுமானால், பிழை சுமார் 120 பைகோவிநாடிக்குள் அடங்க வேண்டும். ஒளியே அந்நேரத்தில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவான தூரந்தான் செல்லும். கேட்கவே பிரமிப்பாக இருக்கும் இந்த எண்ணைக் காட்டி ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வியாபாரிகளும் உளர். ஆனால் இது கணக்கின் எல்லையேயன்றிச் செவியின் எல்லையன்று. உண்மையான இசையில் மிக உயர்ந்த அதிர்வெண் முழு வீச்சில் வருவது அபூர்வம். கட்டுப்பாடான சோதனைகளில் மனிதர் உணர்ந்தறிந்த காலப்பிழை இதைவிடப் பல மடங்கு பெரிதாகவே இருந்திருக்கிறது.

வழியில் நிற்கும் இடைத்தரகர்கள்

மாற்றி எவ்வளவு உத்தமமாயினும், அதன் வாயிலுக்கு வந்துசேரும் எண்கள் கோப்பிலிருந்த எண்கள்தாமா என்ற கேள்வி நிற்கிறது. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். கணினியில் பாட்டு ஓடும்போதே மின்னஞ்சல் வந்ததாக மணி அடிக்கிறது. வேறொரு ஜன்னலில் திரைப்படம் பேசுகிறது. இவை யாவும் ஒரே மாற்றியின் வழியே வெளிவர வேண்டுமாயின், யாரேனும் ஒருவர் நடுவில் இருந்து இவற்றை ஒன்றாகக் கலக்க வேண்டும். அந்த நடுவரை மிக்ஸர் என்கிறோம். வெவ்வேறு வேகத்தில் வரும் ஒலிகளை அப்படியே கூட்ட இயலாது. ஆகவே மிக்ஸர் தனக்கென ஒரு வேகத்தை நியமித்துக்கொண்டு, வருவனவற்றையெல்லாம் அந்த வேகத்துக்கு மாற்றியே கலக்கிறது. இன்டெல் நிறுவனம் 1997-இல் வகுத்த ஏ.சி.97 என்ற ஒலிச்சுற்று முறை 48,000 என்னும் வேகத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. இன்றும் பல கணினிகளில் மிக்ஸரின் இயல்பான வேகம் அதுவே. குறுந்தட்டிலிருந்து எடுத்த பாட்டு அங்கே நுழையுமானால், ஒவ்வொரு 147 அளவுகளுக்கும் பதிலாக 160 புதிய அளவுகளைக் கணித்து எழுத வேண்டியதாகிறது. அக்கணிதத்தைச் சிரத்தையாகச் செய்தால் செவிக்குக் குறை தெரியாது. அவசரத்தில் செய்தால் உச்ச ஸ்தாயியில் அந்நிய ஒலிகள் நுழைந்துவிடும். எப்படியாயினும் மாற்றியை அடைவது மூலம் அன்று, மூலத்தின் பெயர்ப்பே.

இந்த நடுவரை விலக்கும் உபாயம் ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஒவ்வொரு விதமாக அமைந்துள்ளது. விண்டோஸில், 2007-இல் வெளிவந்த விஸ்டா முதற்கொண்டு, பகிர்வு முறை, பிரத்தியேக முறை என இரண்டு வகுத்திருக்கிறார்கள். இசை நிரலின் அமைப்புப் பக்கத்தில் பிரத்தியேக முறையைத் தேர்ந்தால், அந்நிரல் ஓடும் வரையில் மாற்றி அதற்கே சொந்தம், மின்னஞ்சலின் மணிக்கு அங்கே இடமில்லை. உயர்ந்த வேகங்களுக்கு வழிசெய்த யூ.எஸ்.பி. ஒலிமுறையின் இரண்டாம் பதிப்பு 2006-லேயே வந்துவிட்டபோதிலும், 2017-இல்தான் விண்டோஸ் அதைத் தானாக அறிந்துகொள்ளத் தொடங்கிற்று. அதற்கு முன் மாற்றியைச் செய்தவரே கொடுக்கும் டிரைவரை நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. மேக் கணினியில் ஆடியோ மிடி செட்டப் என்ற சிறு நிரலில் மாற்றியின் வேகத்தைக் காணலாம். பாட்டு 44,100-இலும் அங்கே குறித்த வேகம் 96,000-இலும் இருந்தால் கணினி ஒரு சொல்லும் சொல்லாமல் இடையில் கணிதம் செய்துவிடும்.

லினக்ஸில் இவ்வழி முழுவதும் ஒளிவுமறைவின்றிக் கிடக்கிறது. அங்கே அல்சா என்ற அடித்தளம் ஒவ்வொரு மாற்றிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறது. இசை நிரலுக்கு ‘எச்.டபிள்யூ.’ என்ற முன்னொட்டோடு அவ்விலக்கத்தைக் கொடுத்தால், எண்கள் இடையில் எவர் கையிலும் படாமல் நேரே செல்லும். பாட்டின் வேகத்தை மாற்றி ஏற்காவிடில், நிரல் பாட மறுத்துப் பிழை சொல்லி நிற்கும். ‘பிளக்’ என்ற சொல்லையும் முன்னால் சேர்த்துக் கொடுத்தாலோ, எதைக் கொடுத்தாலும் பாடும். ஆனால் வேண்டியபோது எண்களைத் திருத்திக்கொண்டு பாடும். மறுக்கிற வழியே நம்பத்தக்க வழி என்பதை அனுபவசாலிகள் அறிவர். அல்சாவின் மேல் அமர்ந்து பல ஒலிகளைக் கலக்கும் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்னும் நிரல்கள் அன்றாட உபயோகத்துக்கு மிக வசதியானவை; ஆயினும் பைப்வயர் இயல்பாக 48,000-லேயே நிற்கும், பிற வேகங்களை அமைப்புக் கோப்பில் எழுதி அனுமதித்தால்தான் பாட்டுக்கேற்ப மாறும்.

ஒலியளவைக் குறைக்கும் நகர்பட்டையும் ஓர் இடைத்தரகரே. ஒலியை 6 டெசிபெல் குறைப்பதென்றால் எண்ணைப் பாதியாக்குவது; பாதியாக்கினால் கடைசிப் பிட்டுக்கு இடமில்லாமற் போகும். 24 டெசிபெல் குறைத்தால் 16 பிட்டில் நான்கு போய்விடும். ஆனால் மாற்றிக்கு 24 பிட் எண்களாக அனுப்பும் ஏற்பாடு இருக்குமானால், கீழே எட்டுப் பிட்டுகள் காலியாக இருக்கின்றன. 48 டெசிபெல் வரை குறைத்தாலும் மூலத்தின் பிட்டுகள் கீழே நகருமேயன்றி அழியா. ஆகவே பட்டையை உச்சத்தில் நிறுத்தி ஆம்ப்ளிபையரில் குறைப்பதும், 24 பிட்டாக அனுப்பிக் கணினியிலேயே குறைப்பதும் ஆகிய இரண்டும் தகும்; 16 பிட்டாகவே அனுப்பிக்கொண்டு கணினியில் குறைப்பது மட்டும் தகாது.

சோதித்தறியும் முறை

எண்கள் மாறாமல் வந்தனவா என்பதைச் செவியால் தீர்மானிக்க முயல்வது வீண். அதற்குச் சாட்சியங்கள் வேறு உண்டு. எளிய சாட்சி, மாற்றியின் முகப்பில் வேகத்தைக் காட்டும் விளக்கு. 44,100 வேகத்துப் பாட்டையும் 96,000 வேகத்துப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டபோது விளக்கு மாறாமல் ஒன்றையே காட்டுமாயின், நடுவில் எவரோ கைவைக்கிறார் என்பது நிச்சயம். லினக்ஸில் இதைக் கணினியின் வாயாலேயே கேட்கலாம்: ப்ராக் என்ற அடைவின் கீழ் அசவுண்ட் என்ற பிரிவில், மாற்றியின் இலக்கத்துக்குரிய இடத்தில் ஒரு சிறு கோப்பு இருக்கிறது; பாட்டு ஓடும்போது அதைத் திறந்தால் எந்த வேகத்தில், எத்தனை பிட்டில், எத்தனை தடங்களாக எண்கள் அக்கணம் சென்றுகொண்டிருக்கின்றன என்று நாலைந்து வரிகளில் எழுதியிருக்கும்; பாட்டு நின்றபின் திறந்தால் மூடியிருக்கிறது என்ற ஒரே சொல் இருக்கும்.

இவற்றினும் கண்டிப்பான சாட்சி எச்.டி.சி.டி. விளக்கு. 1990-களில் அமெரிக்காவின் பசிபிக் மைக்ரோசானிக்ஸ் நிறுவனம் வகுத்த இம்முறையில், 16 பிட் எண்ணின் கடைசிப் பிட்டுக்குள் ரகசியக் குறிகளைச் செருகிக் குறுந்தட்டுகளைத் தயாரித்தனர். அக்குறியைக் கண்ட மாற்றி தன் முகப்பில் ஒரு விளக்கை ஏற்றும். அத்தகைய தட்டிலிருந்து எடுத்த பாட்டைக் கணினியில் ஓட்ட, விளக்கு எரிந்தால், அனைத்திலும் சிறிதான கடைசிப் பிட் கூட மாறாமல் வந்திருக்கிறது என்று பொருள். நகர்பட்டையை ஒரு புள்ளி இறக்கினாலும் விளக்கு அணைந்துவிடும். வியாபார நோக்கத்தோடு செய்த அந்த விளக்கை, இசை ஆர்வலர் பலர் தம் கணினியின் நேர்மையைச் சோதிக்கும் கருவியாக உபயோகித்துவந்தனர்.

இவ்வளவும் செய்து முடித்தவர் எதை எதிர்பார்க்கலாம்? கணினியின் கீச்சொலியும் ரீங்காரமும் முன்பு கேட்டிருந்தால் அவை மறையும். தம்புராவின் நாதம் தேய்ந்து அடங்கும் வால் பகுதியில் இரைச்சல் குறுக்கிடாது. உயர்ந்த விலைக் கம்பியால் எண்கள் மேன்மையடையும் என்பது நம்பத்தக்கதன்று. சாதாரணக் கம்பி பழுதின்றிச் சேர்ப்பித்த எண்ணைவிடச் சரியான எண் வேறொன்று இருக்க முடியாது. அதிக வேகமும் அதிக பிட்டும் கொண்ட கோப்புகளைப் பற்றியும் நிதானம் வேண்டும். 2007-இல் பாஸ்டன் நகரைச் சார்ந்த மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரப் பதிவுகளின் வெளியீட்டுக்கு நடுவே குறுந்தட்டின் 16 பிட், 44,100 வேகமுள்ள மாற்றத்தை மறைவாக நுழைத்தும் விலக்கியும் பலரைக் கேட்கச் செய்து வெளியிட்ட முடிவில், 554 சோதனைகளில் 276-இல் மட்டுமே விடை சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும்.

ஆகவே எண்ணைத் தொடாமல் அனுப்புவதும், காலத்தை மாற்றியின் பொறுப்பில் விடுவதும், இரைச்சலை வாசலில் தடுப்பதும் ஆகிய மூன்றையும் செய்துவிட்டால் கணினியின் பக்கத்து வேலை பூர்த்தியாகிவிட்டது. நல்ல மாற்றி ஒன்று கூட்டும் திரிபு நூற்றில் ஒரு பங்கின் மிகச் சிறு பகுதியே. ஆனால் அதே இசை ஒலிபெருக்கியின் கூம்பை அடைந்ததும், தாழ்ந்த ஸ்தாயியில் நூற்றுக்குச் சில பங்கு திரிபு எழுவது சாதாரணம், அறையின் சுவர்களோ அதற்கு மேலும் பன்மடங்கு தம் வண்ணத்தைப் பூசிவிடுகின்றன. கையில் மிச்சமுள்ள பணத்தையும் உழைப்பையும் அங்கே செலவிடுவதுதான் விவேகம். ஒலிபெருக்கி, அறை ஆகிய இரண்டையும் அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.